பெயர் உரித்த புட்டி

துனிஸ்
23 செப்டம்பர் 2016

அன்புள்ள தலெந்தா அக்காவுக்கு,

மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன். முதல் நாள் மணி அடித்து ஓய்ந்தது. நேற்றிலிருந்து அதுவும் இல்லை. வேறு வழியில்லாமல்தான் இந்தக் கடிதத்தை ஹட்டாபிடம் கொடுத்தனுப்புகிறேன். மாதாமாதம் உன் மாத்திரைப் புட்டியைக் கொண்டுவந்து தருகிற அதே மஹ்தியா வேன்காரன்தான். "ஏன் மதாம், ரெண்டு வீட்டுலயும் போன் செத்துப்போச்சா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டில் முத்திரை வாங்கத்தான் போனேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தால் உன் நாற்காலி காலி. பக்கத்தில் இருந்த பேஜா ஊர்க்காரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அம்மா, உங்க அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதா? நான் பாட்டுக்கு வாயை விட்டுட்டேனே!" என்றாள்.

ஆமாம் அக்கா. அது புற்றுநோய்தான். 'அந்த நோய்', 'அந்த நோய்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்த வார்த்தையை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஜனவரியில் டாக்டரம்மா என்னைத் தனியாக நடைபாதைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அது என் முடிவு. 'நெஞ்சில் பழைய சளி, வடு, ஒரு வருஷம் மாத்திரை' என்று உன்னிடம் சொன்னது நான். மாத்திரைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, வைட்டமின் புட்டியில் போட்டு, அந்தப் புட்டியின் லேபிளையும் வெந்நீரில் ஊறவைத்து உரித்தது நான். உள்ளே இருந்த மருந்துக் குறிப்புத் தாளை ஆஸ்பத்திரி வாசலிலேயே கிழித்துப் போட்டேன். நானே அதைப் படிக்கவில்லை. படிக்கப் பயம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஏப்ரலில் எடுத்த நெஞ்சு ஸ்கேன் படத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. இந்த மாதப் படத்தில் திரும்ப வளர்ந்திருக்கிறது, முன்பைவிடப் பெரிதாக. மாத்திரைக்கு இனிப் பலம் இல்லை என்கிறார் டாக்டரம்மா. வரும் வியாழக்கிழமை உன்னைப் பார்க்க வேண்டுமாம். வா அக்கா. திட்ட வேண்டுமானால் இங்கே வந்து திட்டு.

உன் தங்கை
எசியா


மஹ்தியா
27 செப்டம்பர்

எசியா,

'அன்புள்ள' என்று எழுத வரவில்லை. வராததை எழுத மாட்டேன்.

போனை எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ அழுவாய். நீ அழுதால் நான் 'சரி சரி, விடு' என்பேன். ஐம்பது வருஷமாக இதுதான் நடக்கிறது. காகிதம் அழாது. ஆகவே எழுது.

ஒன்பது மாதமாக என்னைப் பக்கவாசல் வழியாகக் கூட்டிப்போனாய். "முன்வாசல்ல கூட்டம் அக்கா" என்பாய். ஒன்பது மாதமும் கூட்டமா? செவ்வாய்க்கிழமை முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. தலைக்கு மேல் பலகைதான் இருந்தது. ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான், புற்றுநோய்ப் பிரிவு என்று. வழியில் போகிற பூனைக்குக்கூடத் தெரியும் அது என்ன இடமென்று. எனக்கு மட்டும் தெரியாது.

அந்த பேஜா ஊர்க்காரியின் பெயர் ஷெத்லியா. என்னிடம் எப்படிப் பேச்சுக் கொடுத்தாள் தெரியுமா? "உங்களுக்கும் நுரையீரல்தானே?" என்றாள். பழைய சளி என்றேன். "சளிக்கா இந்த மாத்திரை தர்றாங்க? உங்க கண்ணிமையைப் பார்த்தாலே தெரியுதே! எனக்கும் இப்படித்தான் நீளமா வளந்து சுருண்டுக்கிச்சு. மாசம் ரெண்டு தடவை கத்திரிக்கோல் போட்டு வெட்டுறேன்" என்று தன் கண்ணைக் காட்டினாள். என்னுடைய அதே இமை. கோடையெல்லாம் மணப்பெண்கள் சித்தி முறை வைத்து என்னிடம் "காலா, இமைக்கு என்ன போடறீங்க?" என்று கேட்டார்கள். ஆமணக்கெண்ணெய் என்று நானும் பெருமையாகப் புளுகிக்கொண்டிருந்தேன். நோயை வைத்துப் பீற்றிக்கொண்ட ஒருத்தி இந்த ஊரில் உண்டென்றால் அது நான்தான்.

பிப்ரவரியில் என் முகம் என்ன ஆயிற்று, மறந்துவிட்டாயா? மூக்கின் இரு புறமும், நெற்றி, மோவாய், எல்லாம் சிவந்து கொப்பளித்துச் சீழ் வைத்தது. நீ என்ன சொன்னாய்? "ஒவ்வாமை அக்கா. மத்தி மீனை விடு." மஹ்தியாவில் இருந்துகொண்டு மத்தியை விட்டால் கல்லையா தின்பேன்? இருந்தும் விட்டேன். தங்கை சொன்னாளே என்று விட்டேன். நகக்கண்கள் வீங்கி வெடித்தன. ஹர்கூஸ் மைக்குச்சியைப் பிடித்தால் உயிர் போகும். மணப்பெண்ணின் கையைத் தொட்டுக் கோலம் போடுகிறவளுக்கு முகமும் விரலும்தானே பிழைப்பு? மார்ச்சில் மூன்று கல்யாணம் கைநழுவியது. ஒரு தாய்க்காரி என் எதிரிலேயே மகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு இருப்பது புற்றுநோய் என்று முன்பின் தெரியாதவள் பெற்ற தாய்போல் சொல்கிறாள். கூடப் பிறந்தவள் லேபிள் உரிக்கிறாள்.

வியாழக்கிழமை வர மாட்டேன்.

தலெந்தா


துனிஸ்
2 அக்டோபர்

அக்கா,

நீ வராமலிருந்தது எனக்கு வலிக்க வேண்டும் என்பதற்காக என்றால், வலித்தது. டாக்டரம்மா முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் என் தலையில் கட்டுகிறாய். ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். அம்மாவிடம் அவளுக்கும் இந்த நோய்தான் என்று அந்த டாக்டர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னாரே, அன்றைக்கு என்ன நடந்தது? அம்மா வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். நாற்பதாவது நாள் போய்விட்டாள். சடலத்தைக் குளிப்பாட்டிவிட்டு வந்து நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாயே, நினைவிருக்கிறதா? "நோய் கொல்லலைடி, சொன்னதுதான் கொன்னுச்சு. சொல்லாம விட்டிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பா" என்றாய். பத்தொன்பது வருஷமாக அந்தப் பேச்சு என் காதில் இருக்கிறது. ஜனவரியில் அந்த நடைபாதையில் எனக்கு ஞாபகம் வந்தது உன் குரல்தான். உன் பேச்சைத்தான் கேட்டேன் அக்கா. வேறு யார் பேச்சையும் இல்லை.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே முழுசாகச் சொல்கிறேன். இது உடம்பில் கண்ட இடத்திலெல்லாம் பாய்கிற பழைய மருந்து இல்லையாம். குறிவைத்துத் தாக்குகிற மருந்து. எல்லோருக்கும் தர மாட்டார்களாம். உன் நெஞ்சிலிருந்து ஊசியால் எடுத்த சதையைப் பரிசோதித்தார்களே, அதில் ஒரு கோளாறு இருக்கிறதா என்று பார்த்தார்கள். 'வளரு, வளரு' என்று செல்லுக்குச் சொல்கிற சுவிட்ச் ஒன்று உண்டாம். உன் கட்டியில் அது போட்டபடியே மாட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த மாத்திரை அந்தச் சுவிட்சை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். தினம் ஒன்று, வெறும் வயிற்றில், விடாமல். அந்தக் கோளாறு உனக்கு இருக்கிறது என்று தெரிந்த நாளில் நான் சந்தோஷத்தில் அழுதேன். கோளாறு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

நாள்பட்டால் நோய் வேறு வழி கண்டுபிடித்து மாத்திரையை ஏமாற்றிவிடுமாம். உனக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்கிறார். சிலருக்குச் சீக்கிரமே நடக்குமாம். பலன் இருக்கிற வரைக்கும்தான் காப்பீட்டில் மருந்து தருவார்கள். 'பலனில்லை' என்று டாக்டரம்மா எழுதிவிட்டார். பதினைந்தாம் தேதிக்குள் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் மாத்திரைக்கான காப்பீட்டுக் கோப்பை மூடிவிட்டு நரம்பில் ஏற்றுகிற மருந்துக்கு மாற்றுவார்கள். முடி கொட்டும். வாந்தி வரும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

எசியா


மஹ்தியா
6 அக்டோபர்

எசியா,

அம்மாவை இழுக்காதே. அன்றைக்கு நான் சொன்னது துக்கத்தில் சொன்னது. அதைப் பத்தொன்பது வருஷம் ஊறுகாய் போட்டு வைத்திருந்து எனக்கே பரிமாறுகிறாய்.

இருமல் திரும்ப வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு நடுப்படியில் உட்கார்ந்துகொள்கிறது. சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே சொல்லாமல் இருந்தது போதும்.

கையெழுத்துத்தானே? போடு. ஒன்பது மாதமாக என்னைக் கேட்டா போட்டாய்?

மாத்திரைப் புட்டி இனி வேண்டாம். ஹட்டாபுக்கு வேலை மிச்சம்.

தலெந்தா


துனிஸ்
16 அக்டோபர்

அக்கா,

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேனா எழுதவில்லை; பக்கத்தில் இருந்தவரிடம் கடன் வாங்கிப் போட்டேன்.

ஒரு விஷயம் மனதைக் குடைகிறது. தாளை வாங்கிக்கொண்ட டாக்டரம்மா, போன மாதம் உன் மார்பைப் படம் எடுத்த பெண் எழுதி வைத்த குறிப்பைப் புரட்டினார். "உங்க அக்காவுக்குத் தோல் கோளாறு எதுவும் இல்லைன்னு போட்டிருக்கே. ஏப்ரல்ல நான் பார்த்தப்போ முகம் முழுக்க இருந்துச்சே. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மாதாமாதம் புட்டியை நிரப்பி அனுப்புகிறவள் நான். காலை ஏழு மணிக்குத் தினமும் போன் அடித்து "போட்டாச்சா?" என்று கேட்டவள் நான். நீ "போட்டாச்சு" என்பாய். "ஒரு நாள்கூடத் தவறலை. என் மக மொல்கா தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்" என்றேன். அவர் தாளைக் கோப்பில் வைத்து மூடிவிட்டார்.

நான் சொன்னது சரிதானே அக்கா?

இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

எசியா


மஹ்தியா
21 அக்டோபர்

எசியா,

மொல்காவின் தலையை ஏனடி இழுத்தாய்? கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளை. அவள் தலையில் பொய்ச் சத்தியம் ஏறிக் கிடக்கிறது. அதை இறக்குவதற்காக எழுதுகிறேன். உனக்காக அல்ல.

நான் மாத்திரை சாப்பிடவில்லை. ஜூன் பதினாறிலிருந்து ஒன்றுகூட இல்லை. காலை ஏழு மணிக்குப் "போட்டாச்சு" என்று நான் சொன்னதெல்லாம் பொய். நீ எனக்குச் சொன்ன பொய்க்கு என் பொய் ஒன்றும் குறைந்ததில்லை. ஒரே தாய் வயிற்றில்தானே பிறந்தோம்.

ஏன் நிறுத்தினேன் என்று கேட்பாய். ஜூன் பதினைந்தாம் தேதியை நினைத்துப் பார். உன் வீடு. நோன்பு மாதம். பாங்கு சொல்லக் கால் மணி நேரம் இருந்தது. நீ அடுப்பில் முட்டை வைத்து மடித்த பிரிக் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தாய். என் பக்கம் திரும்பவே இல்லை. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு மாதிரி. உன் முகத்தைப் பார்த்தா ஒட்டுவாரொட்டின்னு நெனச்சிடுவாங்க. மொல்காவுக்கு மருதாணி வைக்க வேற யாரையாவது பேசிடவா? நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கோ. போட்டோவுல மட்டும் கொஞ்சம் பின்னால நில்லு."

நான் என்ன சொன்னேன்? "அதுக்கென்ன, பேசிக்கோ" என்றேன். பிரிக் நன்றாக இருக்கிறது என்றேன். அன்று இரண்டு தின்றேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. மொல்கா பிறந்த ஏழாம் நாள் அவள் உள்ளங்கையில் முதல் மருதாணிப் பொட்டு வைத்தவள் நான். இருபத்தாறு வருஷமாக ஊரார் பெண்களுக்கெல்லாம் ஹர்கூஸ் எழுதியது, ஒருநாள் இவளுக்கு எழுதுவோம் என்றுதான். அந்தக் கையை வேறொருத்தி பிடிக்க, நான் பின்னால் நிற்க வேண்டுமாம்.

மறுநாள் காலை ஹட்டாபின் வேனில் உட்கார்ந்து யோசித்தேன். மாத்திரை ஜனவரி கடைசியில் வந்தது. முகம் பிப்ரவரியில் வெடித்தது. மத்தியை விட்டும் போகவில்லை. அப்படியானால் மாத்திரைதான். புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயர் இல்லை, எழுத்து இல்லை, ஒன்றும் இல்லை. பழைய சளிக்கு மாத்திரை. கல்யாணம் முடிகிற வரை சாப்பிடாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும்? அன்றே நிறுத்தினேன். மூன்று வாரத்தில் முகம் பளிங்காகிவிட்டது. நகம் ஆறிவிட்டது.

நீ என்ன சொன்னாய் தெரியுமா? மருதாணி நாள் அன்று என் கன்னத்தைக் கிள்ளி, "பாத்தியா அக்கா, மீனை விட்டதும் எப்படித் தெளிஞ்சிடுச்சு!" என்றாய். குலவை போட்டாய். என்னைப் போட்டோவில் முன்வரிசையில் நிறுத்தினாய். மாப்பிள்ளையின் அம்மா, "உங்க அக்காவா? தங்கச்சின்னு நெனச்சேன்" என்றாள். அந்த ஒரு நாள் நான் வாழ்ந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் ஆகஸ்ட் முழுக்கக் கல்யாணம். கைநழுவிப் போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளினேன்.

ஷெத்லியா சொன்னதில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். மீதி இது. என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "இமை இவ்வளவு வளந்திருக்கு, முகம் மட்டும் எப்படிம்மா இவ்வளவு சுத்தமா இருக்கு? எனக்கு வந்தப்போ டாக்டரம்மா நல்ல அறிகுறின்னாங்க. மருந்து உள்ளே வேலை செய்யுதாம். அது போயிடுச்சுன்னாதான் எனக்குப் பயம்." ஆக, எனக்கு என்ன நோய் என்பதும், அதற்கு நானே என்ன செய்துகொண்டேன் என்பதும் ஒரே நாற்காலியில், ஒரே நிமிஷத்தில் தெரிந்தது. அதனால்தான் எழுந்து வந்தேன்.

கட்டி மாத்திரையை ஏமாற்றவில்லை எசியா. மாத்திரையே உள்ளே போகவில்லை.

போன மாதமே இதைச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நீ கையெழுத்துப் போட்டு முடிக்கட்டும், கோப்பு மூடட்டும், அதற்குப் பிறகு சொல்லி உன்னை எரிக்கலாம் என்று இருந்தேன். என் உயிரை வைத்து உன்னைப் பழிவாங்கப் பார்த்தேன். எனக்குள் அவ்வளவு கசப்பு. இன்னும் போகவில்லை.

மாத்திரைகளைத் தூக்கிப் போடவில்லை. மருதாணி டப்பாவின் அடியில் இருக்கின்றன. தொண்ணூற்றாறு. இனி நீ என்ன செய்வாயோ செய்.

தலெந்தா


துனிஸ்
25 அக்டோபர்

அக்கா,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட அலுவலகத்தில் பிரித்தேன். பிள்ளைகளின் வருகைப் பட்டியல் முன்னால் இருந்தது. என்ன எழுதினேன் என்று தெரியாமல் ஒரு வகுப்பு முழுவதையும் 'வரவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நான் சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். நீ எழுதியதும் எண்ணெய் கொதிக்கிற சத்தத்தோடு அப்படியே வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மாத்திரை என்ன மாத்திரை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அந்த முகத்தை மறை என்று சொன்னவளும் நான்.

நேராக டாக்டரம்மாவிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "முகத்துக்குக் களிம்பு இருக்கு. சீழ் வெச்சா அதுக்கு மாத்திரை இருக்கு. வெயில்ல போகாம பாத்துக்கணும். நகத்துக்குத் தனி மருந்து. வயித்துப்போக்குக்கு மருந்து. அப்படியும் தாங்கலைன்னா அளவைக் குறைச்சிருப்பேன், இல்லே சில நாள் நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிச்சிருப்பேன். மூணு மாசம் யாரும் நிறுத்த வேண்டியதே இல்லை. ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றார். அந்தச் சுவிட்ச் தோலிலும் நகக்கண்ணிலும் குடலிலும் உண்டாம். கட்டியில் அணைக்கிற மாத்திரை அங்கேயும் கைவைக்கும். முகத்தில் வந்தால் நல்ல அறிகுறிதானாம். ஆனால் வந்தவர் எல்லாம் பிழைப்பார் என்றோ, வராதவருக்குப் பலன் இல்லை என்றோ அர்த்தமில்லையாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாரே, அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஏப்ரலில் அவர் உன் முகத்தைப் பார்த்துப் பேச வாயெடுத்தார். மருந்தின் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, நான் குறுக்கே புகுந்து, "அது மீன் ஒவ்வாமை டாக்டர், வீட்டுல பாத்துக்கறோம்" என்று உன்னை வெளியே இழுத்து வந்தேன். அவர் கையில் களிம்புச் சீட்டு இருந்தது.

மருந்துக்கடையில் கெஞ்சி ஒரு குறிப்புத் தாள் வாங்கினேன். பேருந்தில் நின்றபடியே படித்தேன். பக்கவிளைவுகள் என்ற தலைப்பில் முதல் வரி: முகத்திலும் மார்பிலும் பரு போன்ற கொப்புளங்கள். முதல் வரி, அக்கா. நான் ஒரே ஒரு வரி படித்திருந்தால் போதும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் எழுத்து இருக்கிறது.

நவம்பர் முதல் தேதி வரச் சொல்கிறார். புதிதாக ஊசி போட்டுச் சதை எடுத்து, சுவிட்ச் பழையபடி இருக்கிறதா என்று பார்ப்பார். அன்றைக்கே உன்னிடம் இருக்கிற மாத்திரையைத் தொடங்கலாம். கோப்பைத் திறக்க மாதக்கணக்கில் ஆகும். தொண்ணூற்றாறு நாள் இருக்கிறதே, அதற்குள் நான் அலைந்து திறப்பேன்.

நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிற கல்யாணப் படத்தைக் கழற்றப் போகிறேன். நீ முன்வரிசையில் நிற்கிறாய். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. வருகிற அன்று என் வீட்டில் தங்கு.

எசியா


மஹ்தியா
24 ஜனவரி 2017

எசியா,

நவம்பரில் உன் வீட்டில் தங்காமல் ஷெத்லியாவின் உறவுக்காரர் வீட்டில் தங்கினேன் என்று ஊரெல்லாம் புலம்பியிருக்கிறாய். ஹட்டாப் சொன்னான். தங்க மனம் வரவில்லை, தங்கவில்லை. இதில் புலம்ப என்ன இருக்கிறது?

நேற்று மறுபடியும் தனியாகத்தான் போனேன். முன்வாசல் வழியாக. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். உன்னிடம் சொல்லி நீ எனக்குச் சொல்வதற்கு முன் நானே உனக்குச் சொல்கிறேன். கட்டி சுருங்கியிருக்கிறது. மாத்திரை இன்னும் வேலை செய்கிறது. ஆனால் ஏப்ரல் அளவுக்கு வரவில்லை. விலா எலும்பில் ஒரு புள்ளி இருக்கிறது, அது சுருங்கவில்லை. மொல்கா கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் புள்ளி இல்லை. "நிறுத்தாம இருந்திருந்தா வந்திருக்காதா?" என்று கேட்டேன். "வராம இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லாத ஒரு பெண்பிள்ளையைக் கடைசியில் பார்த்துவிட்டேன். ஒருநாள் இந்த மாத்திரையும் தோற்கும் என்றார். எப்போது என்று அவருக்கும் தெரியாதாம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை, பார்த்தாயா? வீட்டுக்கு வந்து மத்தி வாங்கிப் பொரித்துத் தின்றேன். ஆறு மீன்.

ஒன்பதாம் நாளே மூக்கின் ஓரத்தில் மூன்று சிவப்புப் பரு வந்தது. கண்ணாடி முன்னால் நின்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பைத்தியம் மாதிரி சிரித்தேன். பிறகு அழுதேன். இப்போது முகம் முழுக்க இருக்கிறது. களிம்பு போடுவதால் சீழ் இல்லை. கட்டைவிரல் இரண்டிலும் துணி சுற்றியிருக்கிறேன். மைக்குச்சி பிடிக்க முடியாது. போன வாரம் ஒரு தாய்க்காரி வந்தாள். முகத்தில் என்ன என்றாள். "புற்றுநோய் மாத்திரை" என்றேன், இரண்டு சொல்லும் கேட்கும்படி. "அய்யோ, கல்யாணப் பேச்சு பேசற வீட்டுல அந்த வார்த்தையைச் சொல்லலாமா!" என்று பதறி, வைத்த தேநீரை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அந்தக் கிளாஸை நானே குடித்தேன்.

கோப்பைத் திறந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். பதினேழு தடவை அலைந்தாயாம். அலை. என்னிடம் இன்னும் பதினொரு மாத்திரைதான் இருக்கிறது.

உன்னை மன்னிக்கவில்லை. அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பழக்கமாகிவிடக் கூடாது. என்னையும் நான் மன்னிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்று தோன்றுகிறது. அதற்கு நாள் இருக்கிறதா, தெரியாது.

அந்தப் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாயாமே. திரும்ப மாட்டு. மறைப்பதை எப்போதுதான் விடுவாய்? வருகிறவர்கள் "உங்க அக்கா எவ்வளவு அழகு!" என்பார்கள். அப்போது அவர்களிடம் சொல்: அது அவள் மாத்திரை சாப்பிடாத மூன்று மாதத்தில் எடுத்த படம் என்று. ஒவ்வொருவரிடமும் சொல். தூசி துடைக்கும்போது உனக்கும் சொல்லிக்கொள்.

அடுத்த புட்டியை ஹட்டாபிடம் கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டு வா. புட்டியாக வேண்டாம், பெட்டியாகக் கொண்டு வா. ஒட்டியிருப்பது ஒட்டியிருக்கட்டும், தாள் உள்ளேயே இருக்கட்டும். எனக்கு மூக்குக்கண்ணாடி போட்டால்கூட இப்போது சின்ன எழுத்து தெரிவதில்லை. இமை வந்து கண்ணை மறைக்கிறது. நீ உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசி. நான் கேட்கிறேன்.

தலெந்தா